மாப்பிள்ளை ஓடிய நேர்ச்சை

எங்கள் வீட்டு மாப்பிள்ளை இளவரசனைப் பற்றி அரியலூரில் யார் பெருமையாகப் பேசினாலும் நான் வாயைத் திறப்பதில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். மாமியார்க்காரி ஒரு வார்த்தை சொன்னால் அது கைகால் முளைத்து அவர் காதுக்குப் போகும். அதோடு, திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. இத்தனை நாள் அடக்கி வைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன். அவர் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான். போனில் வரும் ஓட்டப்பந்தயச் செய்தியைத் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

ஆள் விக்கிரமங்கலத்துக்காரர். நிலபுலன் உள்ள இந்துக் குடும்பம். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் மெக்கானிக். என் மகள் அபிநயா அங்கே ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த வருஷமே இருவருக்கும் பழக்கமாகி, வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லாதவள். என் பெயரே அடைக்கலமேரி; வேதத்தை விட்டால் எனக்கு வேறு பிடிமானம் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கி எங்கள் மாதா கோயிலில் தாலி கட்டினால் தருகிறேன் என்றேன். "சரிங்க அத்தை" என்று அந்த நிமிஷமே தலையாட்டினார். அவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் எங்கள் ஜெப மந்திரங்களைப் படிக்க வேண்டும். அவர் அவற்றை விடியற்காலையில் ஓடிக்கொண்டே, காதில் செருகிய ஹெட்போனில் கேட்டுப் படித்தார். ஒரு நாள் என் முன்னால் நின்று விசுவாசப் பிரமாணத்தை ஒப்பித்தார். ஒரே மூச்சு. ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிய போஞ்சு பிலாத்து அதில் எங்கே வந்தான், எங்கே போனான் என்று எனக்கே பிடிபடவில்லை. முடித்ததும் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். போன தடவையைவிட நேரம் குறைந்திருக்கிறதாம்.

ஞானஸ்நானப் பெயராகச் சின்னப்பர் என்று வைக்கச் சொன்னார். அந்த அப்போஸ்தலர் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி நிருபத்தில் எழுதியிருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் வேறு பல விஷயங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது, விட்டுவிட்டேன்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை விவரம் புரிந்தது. இந்த நெடுந்தூர ஓட்டங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கும். திருச்சி, தஞ்சாவூர், சென்னை, பெங்களூரு என்று எங்கே இருந்தாலும் ஞாயிறு விடிகாலை. பூசைக்கு மணி அடிக்கும்போது மாப்பிள்ளை எங்கேயோ நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். ஓட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கான பயிற்சி. பயிற்சியும் இல்லாவிட்டால் ஓய்வு. ஓய்வும் பயிற்சியில் சேர்த்தியாம். என் மகள் பூசைக்குத் தனியாக வந்து, தனியாக உட்கார்ந்து, தனியாகப் போவாள். கேட்டால், "அவரு ஓடும்போது ஜெபம் பண்றாரும்மா" என்பாள். சரிதான், சட்டி கழுவும்போது நான் சுவிசேஷம் பிரசங்கிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் பங்கு சாமியார் தவக்காலத் தியானத்தில் பேசக் கூப்பிட்டார். சாமியார் சின்ன வயது. இளைஞர்களைக் கோயிலுக்கு இழுக்க வேண்டும் என்ற ஆசை. மாப்பிள்ளை பெங்களூரில் நூறு கிலோமீட்டர் ஓடி வாங்கிய பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"விசுவாசம்ங்கிறது நூறு மீட்டர் ஓட்டம் இல்லைங்க. நெடுந்தூர ஓட்டம்" என்று ஆரம்பித்தார். முதலில் மெதுவாகப் போக வேண்டும். நடுவில் உடம்பு கெஞ்சும், அப்போது விட்டுவிடக் கூடாது. வழியில் தண்ணீர் கொடுக்கிற பந்தல் இருக்கிறதே, அதுதான் ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் மாதிரியான தேவதிரவிய அனுமானங்கள். ஓடுகிறவர்கள் பல்லால் கிழித்து உறிஞ்சுகிற சர்க்கரைப் பாகு பாக்கெட் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, "நற்கருணைங்கிறது இதுமாதிரிங்க" என்றார். ஆண்டவருடைய உடலென்று நாக்கில் வாங்குகிற அப்பத்தைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியார் சிரித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். "நான் இதுவரைக்கும் ஒரு ஓட்டத்தையும் பாதியில விட்டதில்லைங்க. கடைசிக் கோட்டைத் தொடாம வந்ததே இல்ல" என்று முடித்தார். தண்ணீர்ப் பந்தல் பக்கமே வராமல் ஓடுகிற ஒருவர் தண்ணீர்ப் பந்தலின் மகிமையைப் பேசுகிறார், அதைக் கேட்டு மாதர் சங்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. எங்கள் ஜனங்களுக்கு நேர்ந்துகொள்ளத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேளாங்கண்ணிக்கோ ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கோ நடைப்பயணம் வருகிறேன் மாதாவே என்பார்கள். காய்ச்சல் இறங்கினதும் வெயில் இறங்கட்டும் என்பார்கள். வெயில் இறங்கினால் மழை. இப்படி நடக்காத நடை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிடந்தது. நூறு கிலோமீட்டர் சும்மா ஓடுகிற ஒருவர் உள்ளூரிலேயே இருக்கிறார் என்றதும் எல்லோருக்கும் ஒரே யோசனை வந்துவிட்டது. "தம்பி, நீங்க எப்படியும் ஓடத்தான் போறீங்க. ஏலாக்குறிச்சிப் பக்கமா ஓடினா என்னுதையும் சேத்து முடிச்சிடுங்க." ஒருவர் மெழுகுவத்தி கொடுத்தார். ஒருவர் காணிக்கை போட வெள்ளியில் செய்த கால் கொடுத்தார். மொட்டை நேர்ந்தவர்கள் மட்டும்தான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தலையில் முடி குறைவு, அதனால் இருக்கலாம்.

அவரும் வாயெல்லாம் பல்லாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மெழுகுவத்திகளை மட்டும், கனம் அதிகம், ஓட்டம் கெடும் என்று பஸ்ஸில் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் பம்மாத்து என்று நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் வேணியும் கேட்டுவிட்டாள்.

வேணி எங்களுக்கு அடுத்த தெரு. தா.பழூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புருஷன் மணிமாறன் மாவு மில் வைத்திருக்கிறான். இந்துக்கள்தான், ஆனால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு யார் எந்தச் சாமி என்று கணக்கு கிடையாது. வேணியின் மகள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மாதம் முந்திப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இங்கிருந்து உன் வாசல் வரைக்கும் கால்நடையாக வருகிறேன் என்று வேணி நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்து இப்போது காலேஜ் படிக்கிறது. வேணி நடக்கவில்லை. முதலில் பிள்ளை சின்னது, பிறகு மில், பிறகு மாமனார் படுக்கை. கடைசியில் அவளுக்கே நெஞ்சில் வால்வு கெட்டுவிட்டது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருச்சியில் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றும் சொல்லிவிட்டார்.

மரியாயின் சேனை என்கிற எங்கள் கோயில் சபையிலிருந்து வாரம் ஒரு தடவை நோயாளிகளைப் பார்க்கப் போவது என் வேலை. வேணியையும் போய்ப் பார்ப்பேன். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"நேர்ந்துக்கிட்டதை முடிக்காம மேசையில படுத்தா எந்திரிக்க மாட்டேன்க்கா" என்றாள்.

"மாதா என்ன கந்துவட்டிக்காரியாம்மா? கழுத்தைப் பிடிக்க வருவாங்களா?" என்றேன்.

சாமியாரையே கூட்டிக்கொண்டு போனேன். நடக்க முடியாதவர்களுக்கு நேர்ச்சையை வேறு ஜெபமாக மாற்றிக் கொடுக்கலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வேணி கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் உங்ககிட்ட நேர்ந்துக்கல சாமி, அவங்ககிட்டதான் நேர்ந்துக்கிட்டேன்" என்றாள். மணிமாறன் வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

தியானப் பேச்சு கோயில் ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்டிருக்கிறது. ஒரு ஓட்டத்தையும் பாதியில் விட்டதில்லை என்று சொன்னதை வேணி கட்டிலில் படுத்தபடி கேட்டிருக்கிறாள். மறுநாளே மணிமாறன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பெரம்பலூரிலிருந்து ஏலாக்குறிச்சி வரைக்கும் மாப்பிள்ளை ஓடிக்கொடுத்தால் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று வேணி சொல்லிவிட்டாளாம். மற்றவர்களுடைய சோம்பேறித்தனத்தைப் போல இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்னங்க, அடுத்த ஓட்டத்துக்கு எப்படியும் ஒரு லாங் பிராக்டீஸ் போவணும்" என்றார். ஒரு பொம்பளையின் உயிர் அவருக்குப் பிராக்டீஸ்.

சனிக்கிழமை விடியலில் பெரம்பலூரில் கிளம்பினார். மதியத்துக்கு ஏலாக்குறிச்சிக் கோயில் வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் பங்கு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. படம் எடுக்கவே பங்கு இளைஞர்கள் இரண்டு பேர் முன்னாலேயே போய்க் காத்திருந்தார்கள். மறுநாள் பூசையில் சாமியார் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். வாழ்த்தை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளை வரவில்லை, ஓய்வாம். வேணி அன்று சாயங்காலம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பையைக் கட்டினாள். திங்கட்கிழமை திருச்சியில் போய்ச் சேர்ந்தாள்; வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. நான் கூட அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அந்தக் கோழி வீணாய்ப் போனதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் தமிழழகன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினான். பெரம்பலூரிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவன், நல்ல பையன்.

"உங்க மாப்ளைக்குக் கால் எப்படிங்கம்மா இருக்கு?" என்றான்.

"காலுக்கென்ன?"

"சனிக்கிழமை கீழப்பழுவூர் தாண்டி ரோட்டோரம் உக்காந்திருந்தாருங்க. முட்டி பிடிச்சிக்கிச்சு, எந்திரிக்க முடியல. மூட்டை மேல ஏத்திக்கிட்டு வந்தேன். திருமானூரோட நிக்க வேண்டிய வண்டி, பாவம்னு ஏலாக்குறிச்சி வரைக்கும் கொண்டாந்து விட்டேன். கோயில் வாசல்ல எறக்கறேன்னேன். வேணாம், ஊருக்கு முன்னாடியே எறக்கிவுடுங்கன்னாரு. அங்கேருந்து ஓடிப் போனாருங்கம்மா. நொண்டிக்கிட்டே, ஆனா நல்லாத்தான் ஓடினாரு."

அவன் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. உதவி செய்த சந்தோஷத்தில் சொன்னான். எனக்குத்தான் நடுத்தெருவில் காது அடைத்துப் போயிற்று.

நேரே மகள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை முட்டியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். அபிநயா வேலையிலிருந்து வரவில்லை. வாங்கிவந்த வெங்காயப் பையை அவர் கால்மாட்டில் வைத்தேன்.

"தமிழழகன் வண்டியில வந்த வெங்காயம் மாப்ள. நீங்க உக்காந்து வந்த மூட்டையான்னு தெரியல" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. ஐஸ் கட்டியை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "பாதியில விட்டதே இல்ல அத்தை நானு. போட்டோ எடுக்க ஆளுங்க நின்னாங்க. என்ன பண்றதுன்னே தெரியல" என்றார்.

"முட்டி போச்சுன்னு சொல்லியிருக்கலாமே. முட்டி எல்லாருக்கும்தான் போவுது."

"சொல்லியிருந்தா அந்தக்கா ஆபரேஷனுக்குப் போயிருக்குமா? இப்ப சொன்னாலும் போவாது. நீங்களே சொல்லுங்க."

அங்கேதான் என்னை மடக்கினார். வேணியிடம் சொன்னால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்துவிடுவாள். சொல்லாவிட்டால், ஒரு பொய்யை நம்பி நெஞ்சைத் திறக்கக் கொடுக்கப் போகிறாள். ஒரு போட்டோவுக்காக இந்த மனுஷன் அவளையும் மாட்டிவிட்டு என்னையும் மாட்டிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் பேச வேண்டியிருந்தது. மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லாமல் போனது பெரிய குறை.

கடைசியில் அவராகவே சொன்னார். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிடறேன் அத்தை. வண்டி ஏறின எடத்துலேர்ந்து. ஓட முடியாது, நடந்துடறேன்."

"வியாழக்கிழமை கிளம்புங்க. நானும் ஸ்கூட்டில பின்னாடியே வரேன்."

"துணைக்கா அத்தை? எதுக்கு உங்களுக்குச் சிரமம்."

"துணைக்கு இல்ல மாப்ள. வண்டி ஏறாம பாத்துக்க."

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் கீழப்பழுவூர் தாண்டி அவர் உட்கார்ந்த இடத்தில் இறங்கினோம். கையில் கடிகாரம் இல்லை. நம்பர் போட்ட சட்டை இல்லை, சாதாரண முழுக்கை சட்டை. வலது முட்டியில் துணிக்கட்டு. ஊன்ற ஒரு கம்பு எடுத்து வந்திருந்தேன், வேண்டாம் என்றார். கௌரவம். சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சாலையில் அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் பின்னால் ஸ்கூட்டியை உறுமவிட்டுக்கொண்டே நகர்ந்தேன். அவ்வளவு மெதுவாக ஓட்டினால் வண்டி சாயும், காலை ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டும். புல்லுக்கட்டு சுமந்த ஒரு கிழவி எங்களைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, வண்டியில உக்கார வச்சிக்கிட்டுப் போவக் கூடாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டாள்.

"அவரு பெரிய ஓட்டக்காரருங்க, வண்டி பிடிக்காது" என்றேன்.

ஜெபமாலை சொல்லலாம் என்றேன். எந்தக் கிழமையில் எந்தத் தேவ ரகசியத்தைத் தியானிப்பது என்று கூட அவருக்குத் தெரியவில்லை. நான் முன்பாதியைச் சொன்னேன், அவர் பின்பாதியைச் சொன்னார். வலியில் மூச்சு நின்று நின்று வந்ததால், அவர் வாயில் அருள்நிறைந்த மந்திரம் ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. வேகமாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் என் மனசு இளகவில்லை. இளகும்படி அவர் ஒன்றும் செய்துவிடவில்லை, கெடுத்ததைச் சரிசெய்கிறார், அவ்வளவுதான்.

வெயில் ஏறினதும் கேட்டார். "இன்னும் எவ்வளவு தூரம் அத்தை?"

"உடம்பு கெஞ்சும்போது விட்டுடக் கூடாதுன்னு பீடத்துல நின்னு சொன்னீங்களே மாப்ள. அந்தச் சக்கரைப் பாகு பாக்கெட் ஏதாவது இருந்தா உறிஞ்சிக்கங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போய், கையை மட்டும் பின்னால் நீட்டினார். கம்பைக் கொடுத்தேன்.

திருமானூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். முட்டி வீங்கி, பேண்ட் துணியே இறுகிப் போயிருந்தது.

"எனக்கு விசுவாசமே இல்லன்னு நினைக்கிறீங்கல்ல?" என்றார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? டீ ஆறுது, குடிங்க."

"ஞாயித்துக்கிழமை ஓடுறதெல்லாம், எனக்கு அதுதான் வரும் அத்தை. அதுல கைதட்டுவாங்க. கோயில்ல உக்காந்தா நான் யாரோ மாதிரி இருக்கும். மந்திரம் எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் வாயசைக்கத்தான் தெரியும். பேசச் சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்சதை வச்சிப் பேசினேன்."

கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு பன் வாங்கி அவர் தட்டில் வைத்தேன். தின்றுவிட்டு எழுந்தார்.

ஏலாக்குறிச்சி சாலையில் இரண்டு பக்கமும் வயல். ஆள் நடமாட்டம் குறைவு. ஒரு மதகுக் கட்டையில் அவர் மறுபடி உட்கார்ந்தபோது என் போன் அடித்தது. மணிமாறன்.

"அக்கா, வேற யாருக்கோ இன்னைக்கு வச்சிருந்த ஆபரேஷன் தள்ளிப்போச்சாம். வேணியை இன்னைக்கே எடுத்துக்கறேங்கிறாங்க. இப்பவே உள்ள கொண்டு போறாங்க. உங்க மாப்ளகிட்ட ஒரு வார்த்தை பேசணும்ங்குது. பக்கத்துல இருக்காரா?"

போனைப் பொத்திக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோயிலுக்கு இன்னும் பாதி வழி கிடந்தது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பொய் பொய் என்று அவரை மனசுக்குள் கரித்துக்கொட்டியவள் நான். அந்த மதகில் நின்று, அதே வாயால், "முடிச்சாச்சுன்னு சொல்லுங்க மாப்ள. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடப் போவுது. சொல்லுங்க" என்றேன். எனக்குப் பயம். வேணி வர மாட்டேன் என்று எழுந்துவிட்டால் இன்னொரு தேதி எப்போது கிடைக்குமோ, அதுவரைக்கும் அந்த நெஞ்சு தாங்குமோ.

அவர் போனை வாங்கினார். ஸ்பீக்கரைப் போட்டேன். வேணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல இருந்தது.

"தம்பி, அன்னைக்கு மாதா வாசல்ல போய் நின்னீங்கல்ல? என் பேரைச் சொன்னீங்கல்ல?"

நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்க, சொல்லுங்க என்று. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இல்லக்கா. அன்னைக்கு நான் முழுசா ஓடல. கால் போயிடுச்சு. வெங்காய வண்டியில ஏறிப் போய் வாசல்ல நின்னேன். பொய் சொல்லிட்டேன். இன்னைக்கு விட்ட எடத்துலேர்ந்து நடந்துக்கிட்டு இருக்கேன். இன்னும் போய்ச் சேரல."

அந்தப் பக்கம் ஏதோ மிஷின் கூவுவதும், யாரோ நர்ஸ் அவசரப்படுத்துவதும் கேட்டது. எனக்கு அவரைப் பிடித்து வாய்க்காலில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. பொய் சொல்ல வேண்டிய அன்றைக்கு உண்மையும், உண்மை சொல்ல வேண்டிய அன்றைக்குப் பொய்யும், என்ன மனுஷன் இவர்.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள் வேணி.

"திருமானூர் தாண்டிட்டேன்."

"கால் வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதுக்கா."

"எனக்கும் ரொம்பப் பயமாயிருக்கு தம்பி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நானும் இத்தனை வருஷமா கெளம்பவே இல்ல. நீங்களாவது பாதி வந்துட்டீங்க. எந்திரிச்சி நடங்க. நான் உள்ள போயிட்டு வரேன்."

போயிட்டு வரேன் என்றாள். எழுந்திருக்க மாட்டேன், எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

போன் நின்றுவிட்டது. மாப்பிள்ளை கம்பை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அவர் நடக்க ஆரம்பித்தார். இரண்டு எட்டுக்கு ஒரு தரம் நின்றார், மறுபடி நடந்தார்.

வேணி கண் விழித்துவிட்டாள் என்று மணிமாறன் சொன்னது இருட்டுகிற நேரத்தில், நாங்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது. அதுவரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கூட்டிச் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காமல் போய்விடும் என்று அந்த மதகிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் நானும் நடந்தேன்.